பிள்ளைத்தாய்ச்சி சூளைக்குப் போனால் சத்துமாவும் கூடப் போக வேண்டாமா?

என் அண்ணிக்கு அப்போது ஐந்தாம் மாதம். விடியற்காலையில் களத்தில் கல் அறுத்துக்கொண்டிருந்தோம். அண்ணி அடிக்கடி முந்தானை முடிச்சிலிருந்து எதையோ எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். பொட்டுக்கடலை என்று நினைத்து, “எனக்கும் கொஞ்சம் குடுங்க அண்ணி” என்று கை நீட்டினேன். தராமல் முடிச்சை இறுக்கிக்கொண்டார். விடாமல் கேட்ட பிறகுதான் பிரித்துக் காட்டினார். வெந்த செங்கல்லின் முனையை உடைத்துச் சில்லு சில்லாக வைத்திருந்தார். “நாக்கு அதத்தான் கேக்குது, நான் என்னா பண்றது? உங்கண்ணன்கிட்ட சொல்லிடாத” என்றார்.

மண்ணும் சாம்பலும் கரியும் தின்ன ஆசைப்பட்டால் மசக்கை என்று சொல்லிச் சிரித்துவிட்டுப் போவது எங்கள் பக்கத்து வழக்கம். உடம்பில் இரும்புச்சத்து வற்றிப்போனவர்களுக்கு நாக்கு இப்படி அலைவதுண்டு என்பது எனக்குப் பல ஆண்டுகள் கழித்துத்தான் தெரிந்தது. சூளை வேலை முடிந்து ஊர் திரும்பி, எட்டாம் மாதத்தில்தான் அண்ணிக்கு முதல்முறையாக ரத்தம் பரிசோதித்தார்கள். ஹீமோகுளோபின் 7.2 என்று வந்தது. கர்ப்பிணிக்கு அது 11 கிராமுக்குக் குறைந்தாலே ரத்தசோகை. 7-க்குக் கீழே போனால் தாய் உயிருக்கே ஆபத்து. சீட்டைப் பார்த்த செவிலியர், “இத்தனை நாளா எங்கம்மா போயிருந்த?” என்று சத்தம் போட்டார். அவர் கோபத்தில் தவறு இல்லை. எங்கே போயிருந்தார், போன இடத்தில் ஏன் ஒருவர் கண்ணிலும் படவில்லை என்பதைத்தான் இங்கே சொல்ல வந்திருக்கிறேன்.

கள்ளக்குறிச்சி, விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களின் மானாவாரிக் கிராமங்களிலிருந்து பொங்கல் முடிந்த கையோடு குடும்பம் குடும்பமாகக் கிளம்புகிறோம். திருவள்ளூர், காஞ்சிபுரம், செங்கல்பட்டு மாவட்டங்களில் உள்ள செங்கல் சூளைகளில் போய் இறங்குகிறோம். தை முதல் ஆனி வரை ஆறு மாதம் அங்கேதான் வாழ்க்கை. மழை பிடித்தால் பச்சைக்கல் காயாது. அதனால் திரும்பி வருவோம். என் பாட்டி இப்படிப் போனார். அம்மா போனார். நான் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவள். திருமணத்துக்குப் பிறகு நானும் போனேன். மூன்று தலைமுறையாக ஒரே பாதையில், ஒரே மாதத்தில் போய் வருகிறவர்கள் நாங்கள். எங்கே போகிறோம், எப்போது போகிறோம் என்பதில் மர்மம் எதுவும் கிடையாது.

சூளைக்கு ஆள் சேர்க்கும் மேஸ்திரி முன்பணம் கொடுப்பது ஜோடிக்கு. புருஷன் மண்ணை வெட்டித் தண்ணீர் விட்டுக் குழைத்துப் போட, பெண்சாதி உருண்டை பிடித்துத் தர, இருவருமாக அச்சில் அடித்துக் களத்தில் வரிசை போட வேண்டும். தனி ஆளுக்கு முன்பணம் கிடையாது. முதிய ஜோடியையும் மேஸ்திரிகள் விரும்புவதில்லை. ஆகவே சூளைக்கு வரும் பெண்களில் பெரும்பாலோர் பிள்ளை பெறும் வயதில் இருக்கிறவர்கள். நாற்பது ஜோடி வேலை செய்யும் சூளையில் என்றைக்குப் போய்ப் பார்த்தாலும் நாலைந்து பேர் மாசமாக இருப்பார்கள். இன்னும் நாலைந்து பேர் கைக்குழந்தையோடு இருப்பார்கள். இந்தத் தொழில் ஆள் எடுக்கும் முறையே அப்படி. இதைத் தற்செயல் என்று யாரும் ஒதுக்கிவிட முடியாது.

இன்னொரு கணக்கையும் சொல்கிறேன். கர்ப்பம் பத்து மாதம் என்பது வழக்கு. மருத்துவக் கணக்கில் ஒன்பது. நாங்கள் ஊரில் இருப்பது ஆறு மாதம். எந்த மாதத்தில் கரு தரித்தாலும் குறைந்தது மூன்று மாதம் சூளையில்தான் கழியும். அதோடு தாய்ப்பால் மட்டுமே கொடுக்க வேண்டிய முதல் ஆறு மாதத்தையும் சேர்த்தால் பதினைந்து மாதம் ஆகிறது. அதில் ஆறு மாதமாவது களத்தில், வெயிலில், ஓலைக் கொட்டகையில் போகும். தப்பிக்க வழியே இல்லை. ஊரில் எத்தனை நல்ல ஏற்பாடு இருந்தாலும் அது இந்தப் பெண்ணுக்குப் பாதிதான் என்பது முன்கூட்டியே எழுதி வைக்கப்பட்டுவிடுகிறது.

சூளையில் ஒரு நாள் எப்படிப் போகிறது என்பதையும் அறிந்துகொள்ளுங்கள். நள்ளிரவு ஒரு மணி, இரண்டு மணிக்கு எழ வேண்டும். வெயில் ஏறுவதற்குள் முடிந்தவரை கல் அறுத்துவிட வேண்டும் என்பதற்காக இந்த நேரம். குத்துக்காலிட்டு உட்கார்ந்து, குனிந்து, அச்சைத் தூக்கிக் கவிழ்த்து, ஒரு சாண் நகர்ந்து மறுபடி உட்கார வேண்டும். ஒரு பச்சைக்கல் மூன்று கிலோவுக்குக் குறையாது. ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்பதுதான் கூலி. எழுதுவது புருஷன் பெயரில். நோட்டில் பெண்ணுக்குப் பெயரும் இல்லை, தனிக் கூலியும் இல்லை. அவள் ஒரு நாள் படுத்துவிட்டால் புருஷனாலும் அன்று அறுக்க முடியாது. ஆகவே இருவர் கூலியும் போகும். முன்பணம் அப்படியே நிற்கும். ஏழாம் மாதமும் எட்டாம் மாதமும் பெண்கள் களத்தில் குனிந்து கிடப்பதற்கு இதுதான் காரணம். “இந்த உடம்போட ஏன் வேலை செய்யறே?” என்று கேட்கிறவர்கள், அந்த நோட்டை ஒருமுறை வாங்கிப் பார்த்தால் நல்லது.

சாப்பாட்டைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும். வேறு யாரும் சொல்லப் போவதில்லை. வாரத்துக்கு ஒருமுறை செலவுக்காசு தருவார்கள். கணக்கெல்லாம் சீசன் முடிவில்தான். செலவுக்காசு கையில் வந்த அன்று சந்தைக்குப் போவோம். அரிசி, எண்ணெய், கொஞ்சம் காய், முடிந்தால் கால் கிலோ கோழி. அன்று இரவு எல்லாக் கொட்டகையிலும் குழம்பு மணக்கும். மறுநாள் கத்தரிக்காய், அதற்கு மறுநாள் முள்ளங்கி. மூன்றாம் நாளோடு காய் தீர்ந்துவிடும். குளிர்பெட்டியா இருக்கிறது சேர்த்து வைக்க? நான்காம் நாள் ரசம். ஐந்தாம் நாள் முதல் பழைய சோறு, பச்சை மிளகாய், ஊறுகாய். முட்டை என்பது பிள்ளைகளுக்கு. அதுவும் ஒன்றை இரண்டாக அறுத்து. பால் தேநீரில் விட மட்டும். கீரை விற்கும் பெண் ரோட்டோரம் வரை வருவார், களத்துக்கு வர மாட்டார். இதற்கு நடுவில், நிறைய சாப்பிட்டால் பிள்ளை பெருத்துவிடும், சுகப்பிரசவம் ஆகாது என்று கிழவிகள் சொல்லும் பேச்சு வேறு. ஊரில் இருந்தால் இந்தப் பேச்சை மறுத்துச் சொல்ல ஒரு நர்ஸம்மா வீட்டுக்கு வருவார். கொட்டகைக்கு யார் வருகிறார்கள்?

ரேஷன் அரிசி இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறது. எந்த ஊர்க் கடையிலும் வாங்கிக்கொள்ளலாம் என்ற ஏற்பாடும் 2020 முதல் தமிழ்நாட்டில் நடப்பில் இருக்கிறது. ஆனால் எங்களுக்கு அட்டை ஒன்று, அடுப்பு இரண்டு. ஊரில் மாமனார், மாமியார், பள்ளிக்கூடம் போகும் மூத்த பிள்ளை. சூளையில் நாங்களும் கைக்குழந்தையும். அந்த அரிசியை நாங்கள் இங்கே வாங்கினால் கிழவர்கள் அங்கே பட்டினி. அட்டையை ஊரிலேயே விட்டுவிட்டு வந்து, வெளிக்கடையில் காசு கொடுத்து நொய்யரிசி வாங்குகிற குடும்பங்களே அதிகம். பங்கைப் பிரித்து இரண்டு இடத்தில் வாங்கலாம் என்று யாரும் எங்களுக்குச் சொன்னதில்லை; கேட்டுப் போன இரண்டொருவரையும் இயந்திரத்தில் பெயர் வரவில்லை என்று திருப்பி அனுப்பினார்கள்.

சட்டத்தில் குறை இருக்கிறதா என்றால், இல்லை. 2013-ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம், கர்ப்பிணிக்கும் பிள்ளை பெற்று ஆறு மாதம் வரை தாய்க்கும் உள்ளூர் அங்கன்வாடி வழியாக இலவச உணவு தர வேண்டும் என்கிறது. ஒரு நாளைக்கு 600 கலோரி, 18 முதல் 20 கிராம் புரதம் என்று அளவையும் அப்போதே எழுதி வைத்தது. சொந்த ஊரில் இருக்கும்போது மட்டும் என்று அதில் ஒரு சொல்லும் இல்லை. நடப்பது வேறு. எங்கள் சூளையிலிருந்து ஒன்றரை கிலோமீட்டரில் ஒரு பால்வாடி இருந்தது. நான் வாயும் வயிறுமாக இருந்தபோது போய்க் கேட்டேன். அந்த டீச்சர் நல்ல மனசுக்காரர்; உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார். பிறகு பதிவேட்டைத் திருப்பிக் காட்டினார். “போன மாசம் இருந்த பேருக்குத்தாம்மா மாவு வரும். உனக்குக் குடுத்தா எங்க ஊர்ப் பொண்ணு ஒருத்திக்கு இல்லாமப் போயிடும். உங்க ஊர்ல பேர எடுத்துட்டு வா, எழுதிக்கறேன்” என்றார். ஊருக்குப் போய் வரப் பேருந்துக் கட்டணம், இரண்டு நாள் வேலை. ஊரில் பெயரை எடுத்துவிட்டால் திரும்பும்போது மறுபடி சேர்ப்பார்களா என்ற பயம் வேறு. நான் போகவில்லை. என் பங்குச் சத்துமாவு ஆறு மாதமும் இரண்டு ஊரிலும் இல்லாமல் போயிற்று.

அந்த டீச்சரை நான் குறை சொல்ல மாட்டேன். பதிவேட்டில் உள்ள தலைக்குத்தான் மாவு அளந்து அனுப்புகிறார்கள். தை மாதத்தில் திடீரென்று நாற்பது குடும்பம் வந்து இறங்கினால் அவர் மாவுக்கு எங்கே போவார்? ஆனால் திடீரென்று என்று சொல்வது அவருக்குத்தான் பொருந்தும். மேலே இருப்பவர்களுக்குப் பொருந்தாது. ஒவ்வொரு தையிலும் நாங்கள் வருகிறோம் என்பது அவர்களுக்குத் தெரியும்.

மகப்பேறு உதவித் தொகையின் கதையும் இதே கதை. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரிலான திட்டத்தில் 18,000 ரூபாய் மதிப்புள்ள உதவி கிடைக்கிறது. அதில் 4,000 ரூபாய் இரண்டு ஊட்டச்சத்துப் பெட்டகங்களாக வருகிறது. பேரீச்சம்பழம், நெய், இரும்புச்சத்து டானிக், சத்துமாவு என்று ஒரு பிள்ளைத்தாய்ச்சிக்கு வேண்டியதெல்லாம் அந்தப் பெட்டகத்தில் உண்டு. நல்ல திட்டம். எங்களைப் போன்ற பெண்களை மனத்தில் வைத்துத்தான் அதைத் தொடங்கியிருப்பார்கள் என்று நம்புகிறேன். ஆனால் பன்னிரண்டு வாரத்துக்குள் பதிவு செய்ய வேண்டும். மாதாமாதப் பரிசோதனை, பிரசவம், தடுப்பூசி என்று படிப்படியாகக் கடந்து வர வேண்டும். ஓரிடத்தில் இருப்பவளுக்கு இது நேர்வழி. மாசி மாதம் சூளையில் நாள் தள்ளிப்போனவள் ஆனியில் ஊர் திரும்பிப் பதியப் போனால் காலம் கடந்துவிட்டிருக்கும். ஊரில் பதிந்துவிட்டுத் தையில் கிளம்புகிறவளுக்கோ அட்டையில் நடுக்கட்டங்கள் வெறுமையாக நிற்கும். என்னுடைய தாய் சேய் நல அட்டையைப் பாலித்தீன் உறையில் போட்டுத் தகரப் பெட்டியில் இன்னும் வைத்திருக்கிறேன். முதல் பக்கத்தில் இரண்டு கட்டம் நிறைந்திருக்கிறது. பிறகு நாலு கட்டம் காலி. கடைசியில் பிரசவத் தேதி.

பரிசோதனைக்குப் போகக் கூடாதா என்றால், அதிலும் ஒரு முடிச்சு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கர்ப்பிணிகளைப் பார்ப்பது செவ்வாய்க்கிழமை. வரிசையில் நின்று, ரத்தம், சிறுநீர் கொடுத்து, சர்க்கரைத் தண்ணீர் குடித்து இரண்டு மணி நேரம் காத்திருந்து முடித்து வர மதியம் ஆகிவிடும். அன்றைக்கு ஜோடியின் வேலை முழுதாகப் போகும். ஒரு செவ்வாய் போகலாம். மாதாமாதம் போனால் மேஸ்திரி முகம் மாறும். இரும்புச்சத்து மாத்திரை 180 நாள் விடாமல் தின்ன வேண்டியது. ஒரு அட்டை மாத்திரை வாங்கி வந்தவள் அது தீர்ந்ததும் விட்டுவிடுகிறாள். மலம் கறுத்துப் போகிறது, குமட்டுகிறது என்று பாதியிலேயே கூரையில் சொருகிவிட்டவர்களும் உண்டு. தேநீரோடு விழுங்கினால் சத்து உடம்பில் ஒட்டாது, எலுமிச்சைச் சாறோ நெல்லிக்காயோ சேர்த்தால் ஒட்டும் என்பதைச் சொல்ல ஒருவர் வந்திருந்தால் அந்த மாத்திரைகள் வீணாகியிருக்காது.

கழிப்பறை இல்லாததைச் சத்துக்குறைவோடு சேர்த்துப் பேசுவதற்குச் சிலர் ஆச்சரியப்படலாம். சூளையில் பெண்கள் வேண்டுமென்றே தண்ணீர் குடிக்காமல் இருக்கிறார்கள். சுற்றிலும் வெட்டவெளி, பகலில் ஒதுங்க இடமில்லை. சித்திரை வெயிலில் குத்துக்காலிட்டு வேலை செய்யும் பிள்ளைத்தாய்ச்சி, விடியற்காலை குடித்த தண்ணீரோடு பொழுது சாயும்வரை இருக்கிறாள். நீர்க்கடுப்பு வருகிறது, அதைப் பொறுத்துக்கொள்கிறாள், அது உள்ளே ஏறிக் காய்ச்சலாகி, குறைமாதத்தில் வலி எடுக்கவும் காரணமாகிறது. வெயிலைப் பற்றி ஆய்வே நடந்திருக்கிறது. சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா உயர்கல்வி நிறுவனத்தின் ஆய்வாளர்கள் தமிழ்நாட்டில் செங்கல் சூளை, உப்பளம், வயல் முதலிய இடங்களில் வேலை செய்யும் 800 கர்ப்பிணிகளை 2017 முதல் தொடர்ந்து கவனித்தார்கள். வேலையிடத்தில் கடும் வெப்பத்தில் இருந்த பெண்களுக்குக் கரு கலையும் அபாயம் ஏறத்தாழ இருமடங்கு என்று 2024-இல் வெளியான அந்த ஆய்வு சொல்கிறது. எங்கள் கொட்டகைகளில் “கலைஞ்சு போச்சு” என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டு மறுவாரம் களத்துக்கு வந்த எத்தனையோ அக்காமார் முகம் அதைக் கேட்டதும் எனக்கு நினைவுக்கு வந்தது. விதி என்றுதான் அத்தனை பேரும் நம்பியிருந்தோம்.

எங்களுக்காவது பேச்சு மொழி தெரியும். எங்கள் வரிசைக்கு அடுத்த வரிசையில் ஒடிசாவின் பலாங்கீர் மாவட்டத்துக் குடும்பங்கள் இருந்தன. காண்டாபாஞ்சி நிலையத்தில் ரயில் ஏறி வருகிறவர்கள். அங்கே ஒரு பெண், பத்தொன்பது, இருபது வயதுதான் இருக்கும், தலைப்பிள்ளை. தண்ணீர் ஊற்றிய சோறும் உப்பும் வெங்காயமும்தான் அவளுக்கு மூன்று வேளையும். கால் இரண்டும் வீங்கிப் போயிருந்தது. நானே ஒரு செவ்வாய்க்கிழமை கூட்டிக்கொண்டு போனேன். கடைசி மாதவிலக்கு எப்போது என்று கேட்டார்கள், அவளுக்குப் புரியவில்லை. நான் சைகையில் கேட்டேன். அவள் வெட்கப்பட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். ஆதார் அட்டை மேஸ்திரியிடம் இருக்கிறது என்பதை மட்டும் எப்படியோ சொன்னாள். ரத்த அழுத்தம் பார்த்து, மாத்திரை கொடுத்து, அடுத்த முறை அட்டையோடு வரச் சொன்னார்கள். அடுத்த முறை வரவில்லை. அவள் மாநிலத்திலும் 2011 முதல் மமதா என்று ஒரு மகப்பேறு உதவித் திட்டம் இருக்கிறது. அதுவும் அவளுடைய ஊர்ப் பால்வாடியோடு கட்டப்பட்டது. இரண்டு மாநிலமும் பிள்ளைத்தாய்ச்சிக்கென்று பணம் ஒதுக்கியிருந்தும், அவள் கையில் வந்தது ஒரு அட்டை மாத்திரை.

என் மூத்த பெண் பிறந்ததும் ஒரு சூளை சீசனில்தான். வைகாசி மாதம், எட்டு மாதம் நிறையவில்லை, இரவில் வலி கண்டது. 108-க்கு அழைத்தோம். “எந்த இடம்?” என்றார்கள். சூளைக்குத் தெருப் பெயர் உண்டா, கதவிலக்கம் உண்டா? கல்லில் பதிக்கும் இரண்டு எழுத்துதான் எங்கள் முகவரி. அந்த எழுத்தைச் சொன்னால் லாரிக்காரருக்குத் தெரியும், ஆம்புலன்ஸ்காரருக்குத் தெரியாது. முந்தின நாள் பெய்த கோடை மழையில் மண்பாதை சேறாகிக் கிடந்தது. என் வீட்டுக்காரர் ரோடு வரை ஓடிப்போய் டார்ச் அடித்துக்கொண்டு நின்றார். வண்டி வந்தது, பிழைத்தேன். குழந்தை 1 கிலோ 800 கிராம். இரண்டரை கிலோவாவது இருக்க வேண்டும் என்று மருத்துவர் சொன்னபோது, அந்த எழுநூறு கிராம் எங்கே போயிற்று என்று எனக்கு நன்றாகத் தெரிந்தது. வாரத்தின் ஐந்தாம் நாளும் ஆறாம் நாளும் தின்ற ஊறுகாய்ச் சோற்றில் போயிற்று.

தமிழ்நாட்டில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பிரசவம் மருத்துவமனையில்தான் நடக்கிறது. 2018–20 கணக்குப்படி உயிரோடு பிறக்கும் ஒரு லட்சம் குழந்தைகளுக்கு இறக்கும் தாய்மார் நாடு முழுதும் 97, இங்கே 54. இதில் எனக்கும் பெருமைதான். அந்த மருத்துவமனையில்தான் நான் பிழைத்தேன். அதே மாநிலத்தில், 2019–21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி கர்ப்பிணிகளில் 48.3 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை. பிரசவ அறை வரை வந்துவிட்ட பெண்ணைக் காப்பாற்றத் தெரிந்த அரசுக்கு, அந்த அறைக்கு வருவதற்கு முந்தைய ஒன்பது மாதத்தையும் பார்த்துக்கொள்ளத் தெரியாமல் இருக்க முடியாது. சர்க்கரை நோயாளிக்கும் ரத்தக்கொதிப்பு உள்ளவர்களுக்கும் வீடு தேடி மருந்து வருகிற மாநிலம் இது. அதே சேவை சூளை வாசல் வரை வர என்ன தடை?

வாக்குறுதிகளுக்குக் குறைவில்லை. 2020 ஊரடங்கில் சூளைகளில் சிக்கிக்கொண்டு, சோற்றுக்கு வழியில்லாமல் நாங்கள் ரோட்டுக்கு வந்தபோதுதான் எங்களைப் பலர் முதல்முறையாகப் பார்த்தார்கள். அப்போது பெயர், வயது, ஊர், கர்ப்பிணியா, குழந்தை எத்தனை என்று பட்டியல் எடுத்தார்கள். இனிமேல் ஒவ்வொரு சீசனிலும் இப்படிப் பட்டியல் எடுத்து எல்லா வசதியும் செய்யப்படும் என்றார்கள். அந்தப் பட்டியல் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. மறு ஆண்டு அமைப்புசாராத் தொழிலாளர்களுக்கான இ-ஷ்ரம் அட்டை வந்தது. வரிசையில் நின்று வாங்கினோம். அதை நீட்டி ஒரு முட்டை வாங்க முடியவில்லை. சூளைக்கே நடமாடும் மருத்துவ முகாம் வரும் என்றார்கள். ஒரு மாசியில் வந்தது. பந்தல் போட்டு, படம் எடுத்து, எல்லோருக்கும் சத்து மாத்திரை கொடுத்துவிட்டுப் போனார்கள். ரத்தம் எடுத்தவர்களுக்கு முடிவு வரவே இல்லை. அடுத்த மாதம் அவர்கள் வருவார்கள் என்று அண்ணி போன்ற பெண்கள் சீவி முடித்துக் காத்திருந்ததை நான் பார்த்தேன். பிள்ளைகளுக்குப் படிப்பு என்று வரும்போது சூளையிலேயே பள்ளி நடத்திக் காட்டியிருக்கிறார்கள். அதில் படித்துத் தேறியவர்களும் இருக்கிறார்கள். செய்ய மனமிருந்தால் வழி இருக்கிறது என்பதற்கு அதைவிட வேறு சான்று வேண்டாம்.

நாங்கள் புதிய திட்டம் எதையும் கேட்கவில்லை. இருக்கிற திட்டம் எங்கள் கூடவே வர வேண்டும் என்று கேட்கிறோம். ஊரில் பதிந்த பெயரும் எண்ணும் சூளைப் பகுதிப் பால்வாடியிலும் சுகாதார நிலையத்திலும் அப்படியே செல்ல வேண்டும். பெயரை எடுத்துவிட்டு வா என்று ஒரு கர்ப்பிணியை யாரும் திருப்பி அனுப்பக் கூடாது. தை முதல் ஆனி வரை சூளை இருக்கும் ஊர்களின் பால்வாடிகளுக்குக் கூடுதல் மாவும் முட்டையும் முன்கூட்டியே ஒதுக்க வேண்டும். அந்த டீச்சர் எங்களுக்கும் தம் ஊர்ப் பெண்ணுக்கும் நடுவில் ஒருத்தியைத் தேர்ந்தெடுக்க வேண்டிய நிலை வரக் கூடாது. மாதம் ஒருமுறையாவது செவிலியர் சூளைக்கே வந்து ரத்தம் பார்த்து, எடை பார்த்து, மாத்திரை கொடுத்து, அது தின்னப்படுகிறதா என்று கேட்டுவிட்டுப் போக வேண்டும். மாலை நான்கு மணிக்குமேல் வந்தால் எந்தக் கல்லும் குறையாது; நாங்கள் கொட்டகையில்தான் இருப்போம். ஒடிசாப் பெண்களிடம் பேச அவர்கள் மொழி தெரிந்த ஒருவர் கூட வரட்டும். பன்னிரண்டு வாரம் என்ற விதியில், பிழைப்புக்காக ஊர்விட்டுப் போனவர்களுக்குத் தளர்வு தர வேண்டும். தவறிய பரிசோதனைக்காக முழுத் தொகையும் நின்றுபோவது, ஏற்கெனவே இழந்தவளிடம் அபராதம் வாங்குவது போலாகும்.

சூளை முதலாளிகளுக்கும் பொறுப்பு உண்டு. அதைச் செய்ய வைக்கும் அதிகாரம் அரசிடம் இருக்கிறது. உரிமம் கொடுக்கும்போதே கழிப்பறையும் குடிநீரும் நிழல் கொட்டகையும் இருக்கிறதா என்று பார்த்துக் கொடுக்கட்டும். நோட்டில் பெண்ணின் பெயரைத் தனியாக எழுதி அவள் பங்குக் கூலியை அவள் கையில் தரட்டும். ஏழாம் மாதம் முதல் அவளை அச்சடிக்க விடாமல், காய்ந்த கல்லைத் திருப்பி வைக்கும் இலகுவான வேலைக்கு மாற்றட்டும். மகப்பேற்று உதவித் தொகை உரிய மாதத்தில் வந்து சேர்ந்தால் அவள் உட்கார்ந்திருக்கும் நாட்களின் கூலி இழப்பை அதுவே பெருமளவு ஈடுகட்டும்; முன்பணத்தை அடைக்க நிறைமாதத்தில் குனிய வேண்டியிருக்காது. ஒவ்வொரு சூளைக்கும் ஒரு எண் கொடுத்து அதை 108-இல் ஏற்றி வைப்பது ஒரு நாள் வேலை.

ஊரில் ஏழாம் மாதம் வளைகாப்பு நடக்கும். அரசே சமுதாய வளைகாப்பு நடத்தி, கை நிறைய வளையல் போட்டு, கலந்த சாதம் கட்டிக் கொடுத்து அனுப்புகிறது. என் இரண்டு பிரசவத்திலும் ஏழாம் மாதத்தில் நான் சூளையில் இருந்தேன். வளையல் போட்டாலும் அச்சடிக்கையில் உடைந்துதான் போயிருக்கும். அந்தக் கலந்த சாதத்துக்காக மட்டும் மனசு அடித்துக்கொண்டது.

இந்தத் தையிலும் லாரி வரும். எங்கள் தெருவில் இப்போது நாலு பெண்கள் முழுகாமல் இருக்கிறார்கள். இரண்டு பேருக்குத் தலைப்பிள்ளை. அவர்கள் எந்த மேஸ்திரியிடம் முன்பணம் வாங்கியிருக்கிறார்கள், எந்தச் சூளைக்குப் போகிறார்கள் என்பது தெருவில் எல்லோருக்கும் தெரியும்; கேட்டால் அதிகாரிகளுக்கும் சொல்லுவோம். லாரி போய்ச் சேருவதற்கு முன்பே அந்த நாலு பேருடைய பெயரும் அந்த ஊர்ப் பால்வாடிப் பதிவேட்டில் ஏறியிருக்க வேண்டும். இறங்கிய முதல் வாரத்திலேயே அவர்கள் பங்கு மாவும் முட்டையும் அங்கே இருக்க வேண்டும்.